கேள்வி ஞானம்: மாட்டுங்கா, செம்பூர், தாராவி

தமிழில் ‘கேள்வி’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. செவியால் கேட்டு அறிவது ஒன்று. ஐயுற்று வினவுவது மற்றொன்று. திருக்குறளின் 42ஆம் அதிகாரமாகிய ‘கேள்வி’ முதற்பொருளைப் பேசுகிறது. நீதிமன்றத்திலும் தேர்வு அறையிலும் வழங்குவது இரண்டாம் பொருள். இரண்டுக்கும் வேர் ‘கேள்’ என்னும் ஒரே வினை. இசையுலகில் இச்சொல் ‘கேள்வி ஞானம்’ என்ற தொடரில் வாழ்கிறது. குருவின் முன் முறையாக அமராமல், காதால் கேட்டே பாட்டை அறிந்தவரைக் குறிக்கும் தொடர் அது. அதில் பாராட்டு உண்டு. சற்றே குறைத்து மதிப்பிடும் தொனியும் உண்டு.

மும்பைத் தமிழரின் இசை வரலாற்றைப் பார்க்க இச்சொல்லே நல்ல வாயில். மாட்டுங்காவின் சங்கீத சபாவுக்கும் தாராவியின் சந்துகளுக்கும் இடையே நடந்தே கடக்கக்கூடிய தூரம்தான். நடுவே மத்திய ரயில்வேயின் தண்டவாளங்கள் ஓடுகின்றன. செம்பூர் இன்னும் சிறிது கிழக்கே. மூன்று இடங்களிலும் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இசை கேட்டு வந்திருக்கிறார்கள். ஆனால் ஓரிடத்தின் இசையை மற்றோரிடத்தார் எப்படிக் கேட்டார்கள், எந்த அளவுகோலால் மதிப்பிட்டார்கள் என்ற வினா அதிகம் எழுப்பப்பட்டதில்லை. கேள்வியின் முதற்பொருள் நிறைய நடந்தது. இரண்டாம் பொருள் குறைவாகவே நடந்தது.

*

1904ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். பம்பாய் வால்கேஷ்வரில் பிறந்த வழக்கறிஞரும் இசை ஆய்வாளருமான விஷ்ணு நாராயண் பாத்கண்டே அவ்வாண்டு தென்னிந்தியப் பயணம் மேற்கொண்டார். வடநாட்டு ராகங்களுக்கு ஒழுங்கான இலக்கணம் வகுக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். அதற்கு உதவும் நூல்களும் அறிஞரும் தெற்கே கிடைப்பர் என்று அவர் நம்பினார். அப்பயணத்தில் எட்டயபுரம் சென்று சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அச்சேறியதும் அதே ஆண்டில், அதே ஊரில்தான். வேங்கடமகியின் 72 மேளகர்த்தா முறையை அறிந்துகொண்ட பாத்கண்டே, பின்னர் இந்துஸ்தானி ராகங்களைப் பத்துத் ‘தாட்’களாக வகைப்படுத்தினார். இன்றும் வடநாட்டு இசைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பாகுபாடு அது.

எட்டயபுரம் அன்று திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. பாத்கண்டே பம்பாயிலிருந்து அம்மாவட்டத்துக்குப் போன அதே காலகட்டத்தில், அம்மாவட்டத்திலிருந்து பம்பாய்க்கு மக்கள் வந்துகொண்டிருந்தார்கள். தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த தமிழ் முஸ்லிம்கள், ஆதிதிராவிடர்கள் ஆகியோரில் பெரும்பகுதியினர் திருநெல்வேலிச் சீமையினர். ராக இலக்கணம் ஒரு திசையில் பயணம் செய்தது. பறையும் கும்மியும் ஒப்பாரியும் அறிந்த மக்கள் எதிர்த்திசையில் பயணம் செய்தார்கள். முன்னது நூலாயிற்று, பாடத்திட்டமாயிற்று. பின்னவர்களோடு வந்த இசைக்கு அத்தகைய பதிவு வாய்க்கவில்லை.

இச்செய்தி பாத்கண்டேயைக் குறை கூறுவதற்காக அன்று. அளவுகோல்கள் வானத்திலிருந்து விழுவதில்லை, குறிப்பிட்ட மனிதர்கள் குறிப்பிட்ட ஆண்டில் ரயிலேறிச் சென்று அவற்றை உண்டாக்குகிறார்கள் என்பதை நினைவில் கொள்ளவே இது. உண்டாக்கப்பட்டதை விரிவாக்கவும் முடியும்.

*

தமிழில் இசை விமர்சனம் என்ற எழுத்துவகை 1930களில் உருப்பெற்றது. ஆனந்த விகடனில் ‘ஆடல் பாடல்’ பகுதியைக் கல்கி ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் எழுதினார். கச்சேரிக்குப் போகாதவரும் படித்து மகிழும் எழுத்து அது. சாஸ்திரம் அறிந்த சிலர் தம்முள் பேசிக்கொண்டிருந்ததைப் பொதுவாசகர் முன் கொண்டுவந்து வைத்ததே அவர் செய்த பெரும்பணி. பின்னர் தமிழிசை இயக்கத்தில் அவர் எடுத்த நிலைப்பாடும் அதன் தொடர்ச்சியே. மேடையில் தமிழ்ப் பாடல்கள் ஓரமாகத் தள்ளப்படுவதை எதிர்த்து ராஜா அண்ணாமலைச் செட்டியார் முன்னெடுத்த இயக்கம், 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கமாக நிலைபெற்றது. அடுத்த தலைமுறையில் சுப்புடு வந்தார். ரங்கூனில் வளர்ந்து, போர்க்காலத்தில் கால்நடையாக இந்தியா வந்து, டெல்லியில் அரசுப் பணியில் இருந்துகொண்டே எழுதியவர். கேலியும் கூர்மையும் கலந்த அவருடைய விமர்சனத்தைப் பாடகர்கள் அஞ்சினார்கள், வாசகர்கள் விரும்பினார்கள்.

இம்மரபு உருவாக்கிய கலைச்சொற்களைக் கவனிக்க வேண்டும்: சுருதி சுத்தம், லய சுத்தம், பாவம், கமகம், மனோதர்மம், பாடாந்தரம். இவை துல்லியமான சொற்கள், அனுபவத்திலிருந்து பிறந்தவை. ஆனால் அனைத்தும் ஒரே வகை மேடையைப் பார்த்துச் செய்யப்பட்டவை. அந்த மேடை வடிவமோ அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் காலத்தில்தான் இன்று நாம் அறியும் அமைப்பைப் பெற்றது. வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள், ராகம் தானம் பல்லவி எனச் சென்று துக்கடாக்களில் முடியும் கச்சேரி முறை நூறாண்டுப் பழமை உடையது. ஆயிரமாண்டுப் பழமை உடையது அன்று.

பம்பாயில் இந்த மேடைக்கு வீடு கிடைத்தது மாட்டுங்கா பகுதியில். எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் 1920கள் முதல் அங்கே திரளாகக் குடியேறின. பஜனை சமாஜங்கள் தோன்றின. 1932இல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி பிறந்தது. 1952இல் சண்முகானந்தா சங்கீத சபா நிறுவப்பட்டது. சபாவின் பெருமண்டபம் 1963இல் திறக்கப்பட்டது. 1990இல் தீவிபத்தில் அழிந்து, புதுப்பிக்கப்பட்டு, 1998இல் மீண்டும் திறந்தது. 2,700க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்டது அம்மண்டபம்.

அத்தனை பேர் அமரும் அரங்கில் ஒலிபெருக்கி இன்றி எவரும் பாட இயலாது. இது விமர்சகர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துபோகும் செய்தி. ஒலிபெருக்கிக்கு முந்தைய தலைமுறையின் அடையாளம் எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல். கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்ட வேண்டிய கட்டாயம் அன்றைய பாடகருக்கு இருந்தது. மைக் வந்தபின் தாழ்ந்த சுருதியில், மெல்லிய அசைவுகளோடு பாடுவது இயன்றது, எம். டி. ராமநாதனின் ஆழ்ந்த குரல் பெரும் அரங்குகளில் கேட்டதும் அதனாலேயே. ஆகவே தூய மரபு என்று நாம் கேட்பதிலும் ஒரு மின்கருவியின் பங்கு உண்டு. கச்சேரியில் அது இல்லாததுபோல் பாவிக்கிறோம். ராப் பாடகர் அதைக் கையில் பிடித்து, உதட்டோடு ஒட்டிவைத்து, மூச்சொலியையும் இசையின் பகுதியாக்குகிறார். ‘அவர் மைக்கை நம்பிப் பாடுகிறார்’ என்பது ஒருவருக்கு மட்டும் சொல்லப்படும் குற்றச்சாட்டாக இருக்க முடியாது.

*

மும்பையில் வளர்ந்த தமிழ்ப் பாடகர்கள் எல்லைகளைத் தாண்டுவதில் தயங்கியதில்லை. பம்பாயில் பிறந்த அருணா சாய்ராம் தாயிடம் தொடங்கி, டி. பிருந்தாவிடம் பதங்களும் ஜாவளிகளும் பயின்றவர். அவர் கச்சேரிகளில் பாடும் மராத்தி அபங்கங்களுக்குத் தமிழ்நாட்டு அவைகளிலும் பெரும் வரவேற்பு உண்டு. அபங்கம் தமிழருக்குப் புதிதும் அன்று. தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில் அது காவிரிக் கரைக்கு வந்து, பஜனை மரபில் கலந்தது. வேலை தேடி வடக்கே போன குடும்பங்கள் அந்தப் பஜனையையும் உடன் எடுத்துச் சென்றன. பிறந்த நிலத்துக்கே அபங்கம் தமிழர் வாய்வழியாகத் திரும்பியது.

ஹரிஹரன் வேறொரு வழி சென்றார். தந்தை எச். ஏ. எஸ். மணி, தாய் அலமேலு மணி இருவரும் பம்பாயில் கர்நாடக இசை கற்பித்தவர்கள். ‘பம்பாய் சகோதரிகள்’ மணியின் மாணவியர். மகன் உஸ்தாத் குலாம் முஸ்தஃபா கானிடம் இந்துஸ்தானி பயின்று, 1978இல் வெளிவந்த ‘கமன்’ படத்தில் உருது கஜல் பாடி அறிமுகமானார். 1992இல் ‘ரோஜா’ வழியாகத் தமிழுக்கு வந்தார். 1996இல் லெஸ்லி லூயிஸுடன் ‘கலோனியல் கசின்ஸ்’ தொகுப்பை வெளியிட்டார். செம்பூரில் டி. ஆர். பாலாமணியிடம் பயின்ற பாம்பே ஜெயஸ்ரீ பின்னர் லால்குடி ஜெயராமனின் மாணவியாகிக் கச்சேரி மேடையின் முன்வரிசைக்கு வந்தார்; ‘மின்னலே’ (2001) படப் பாடலால் கச்சேரிக்கே போகாத வீடுகளிலும் அறிமுகமானார். செம்பூர்க்காரரான சங்கர் மகாதேவன் 1998இல் ‘பிரெத்லெஸ்’ பாடலில், மூச்சு விடாமல் பாடுவது போன்ற கேட்பனுபவத்தை அளித்தார்.

இவர்களைப் பற்றி எழுதும்போது ‘கலப்பு’ என்ற ஒற்றைச் சொல் போதும் என்று நம் விமர்சனம் எண்ணிக்கொள்கிறது. ஆனால் இவை ஒன்றுபோல் இல்லாத நான்கு செயல்கள். அபங்கம் கச்சேரிக்குள் வரும்போது கச்சேரியின் வடிவம் அப்படியே நிற்கிறது. கஜல் பாடும் தமிழர் தம் மூல இசைமரபைப் பின்னே நிறுத்திவிட்டு, வேறு மொழியின் உச்சரிப்பு ஒழுக்கத்துக்குக் கட்டுப்படுகிறார். கச்சேரிப் பாடகி திரைப்பாட்டில் குரலின் கமகங்களைக் குறைத்து, மூச்சுக்கு அருகில் பாடுகிறார். மூச்சு நிறுத்தாத பாட்டில் ராகத்தை விடச் சொல்லின் ஓட்டமே கட்டமைப்பாகிறது. எது வென்றது, எது தோற்றது என்று சொல்ல வேண்டுமானால், ஒவ்வொன்றும் எதைச் செய்ய முற்பட்டது என்று முதலில் கேட்க வேண்டும்.

*

தாராவியின் இசை தமிழ்த் திரையில் இருமுறை பெரிய அளவில் வந்தது. 1987இல் மணிரத்னத்தின் ‘நாயகன்’, 2018இல் பா. ரஞ்சித்தின் ‘காலா’. இரண்டு படங்களிலும் தாராவி சென்னையில் போடப்பட்ட அரங்கம்தான். முன்னதில் தோட்டா தரணி கட்டிய தெருக்களுக்கு இளையராஜா இசையளித்தார்; அங்கே ஒலித்த குரல்கள் சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தின் குரல்கள். பின்னதில் சந்தோஷ் நாராயணன் தாராவியின் ‘டோப்அடெலிக்ஸ்’ குழுவை அழைத்துவந்து எழுதவும் பாடவும் வைத்தார். தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் ஆகியவற்றில் ராப் செய்யும் இளைஞர்கள் அவர்கள். முப்பத்தோராண்டு இடைவெளியில் நிகழ்ந்த மாற்றம் இது: தெரு இன்னும் செட்தான், குரல் மட்டும் அந்தத் தெருவினுடையது.

‘காலா’வின் பாடல்களுக்கும், அடுத்த ஆண்டு வந்த ‘கல்லி பாய்’ படத்துக்குப் பின் பெருகிய தாராவி ராப்புக்கும் இருவகை எதிர்வினைகளைப் பரவலாகக் கேட்கலாம். ‘இது பாட்டா, பேச்சா?’ என்பது ஒன்று. ‘குடிசைப் பகுதியிலிருந்து இப்படியொரு திறமையா!’ என்பது மற்றொன்று. முன்னது நிராகரிப்பு, பின்னது வியப்பு. இரண்டிலுமே பாட்டு கேட்கப்படவில்லை. முன்னவர் ராகத்தைத் தேடி, இல்லை என்று எழுந்து போகிறார். பின்னவர் பாடுபவரின் முகவரியைப் படித்துவிட்டுக் கைதட்டுகிறார். சபாவில் ஒரு வித்வான் நிரவலில் ஒரு சொல்லைத் தவறாகப் பிரித்தால் மறுநாள் நாலு பேர் அதைப் பேசுவார்கள். தாராவிப் பையன் ஒருவனின் மூன்றாம் வரி தளர்ந்திருக்கிறது என்று சொல்ல ஒருவரும் இல்லை. பிழை சுட்டத் தகுந்தவராக ஒருவரைக் கருதுவதும் மரியாதைதான். அந்த மரியாதை அவனுக்கு மறுக்கப்படுகிறது.

*

எனில் எதைக் கொண்டு மதிப்பிடுவது? சில கருவிகள் அருகிலேயே கிடக்கின்றன.

முதலாவது, தொடை. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வரும். திணை, பால், எண், இடம் காட்டும் விகுதிகளும் அதன் இறுதியிலேயே நிற்கும். ‘வந்தான், நின்றான், சொன்னான்’ என்று எழுதினால் இயைபு தானாகவே அமைந்துவிடும். ஆங்கிலத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய இறுதி ஒலியொப்புமை தமிழில் செலவின்றிக் கிடைக்கிறது. செலவின்றிக் கிடைப்பதற்கு மதிப்புக் குறைவு. நம் யாப்பு மரபு அடியின் தொடக்கத்தில் விழும் மோனையையும் எதுகையையும் பெரிதாகப் போற்றியதை இதனோடு சேர்த்துப் பார்ப்பது பொருந்தும்.

இந்தியும் உருதுவும் வினையில் முடியும் மொழிகளே. அங்கே கஜல் வேறொரு தீர்வைக் கண்டது. அடியிறுதியில் மாறாமல் திரும்ப வரும் சொல்லை ‘ரதீஃப்’ என்று ஒதுக்கிவிட்டு, அதற்கு முன் நிற்கும் ‘காஃபியா’வில் உண்மையான ஒலியொப்புமையை வைத்தது. வீட்டில் நெல்லைத் தமிழும் தெருவில் மும்பை இந்தியும் பேசும் இளைஞனிடம் இவ்விரு தீர்வுகளும் உள்ளன. அவன் வெறும் ‘ஆன்–ஏன்’ விகுதிகளால் வரிகளை முடிக்கிறானா, அல்லது இயைபை உள்ளே தள்ளி, வேர்ச்சொற்களை மோதவிட்டு, எதுகையால் அடுத்த வரியைத் தூக்குகிறானா? இது கேட்டுச் சொல்லக்கூடிய ஒன்று. நல்ல ராப்பையும் சோம்பேறி ராப்பையும் பிரிக்கும் கோடு இங்கே விழுகிறது.

இரண்டாவது, கணக்கு. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களை நான்கு நான்காகப் பகுத்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. ராப்பின் நான்கடிக் கட்டை அவ்வாறே பகுத்தால் 16. இரண்டு கட்டுகள் சேர்ந்தால் அதே 32. அதற்குள் ‘தகிட’ என்று மூன்றாகவும் ‘தகதகிட’ என்று ஐந்தாகவும் சொற்களைப் பிரித்து, எதிர்பார்த்த இடத்தைத் தவிர்த்து, கடைசியில் சமத்தில் வந்து விழுவது மிருதங்கக்காரருக்கும் ராப்பருக்கும் பொதுவான இன்பம். மும்பை மிருதங்கக் கலைஞர் விவேக் ராஜகோபாலன் இப்பொதுமையைக் கண்டு, கொன்னக்கோலை ராப் இளைஞர்களோடு பகிர்ந்துகொண்டார். ‘கல்லி பாய்’ தொகுப்பில் உள்ள ‘இந்தியா 91’ அந்த உழைப்பின் விளைவு. தாராவியின் எம்சி அல்தாஃப் உள்ளிட்ட பலர் அதில் பங்கேற்றனர். லய சுத்தம் என்ற பழைய சொல் இங்கே தடையின்றிப் பொருந்துகிறது.

மூன்றாவது, ஒலியின் எடை. செம்பூர் முருகன் கோயிலிலும் பஜனைக் கூடங்களிலும் பாடப்படும் திருப்புகழ் பதினைந்தாம் நூற்றாண்டு அருணகிரிநாதருடையது. குறில் நெடில் மட்டுமன்றி, வல்லினம் இரட்டிப்பதும் மெல்லினம் முன்வருவதும்கூடச் சந்தத்தின் கணக்கில் சேரும். ‘தத்த’ வேறு, ‘தந்த’ வேறு. தொல்காப்பியம் வல்லிசை வண்ணம், மெல்லிசை வண்ணம் என்று பிரித்ததும் இந்தச் செவியுணர்வால்தான். கோபத்தைச் சொல்லும் ராப் வரியில் வல்லொற்றுகள் எங்கே விழுகின்றன என்று பார்க்க இந்த அறிவு உதவும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘ராப்பா? அது எங்கள் அருணகிரி அன்றே செய்தது’ என்று முடித்துவிடுவது விமர்சனம் ஆகாது. அது புகழ்ச்சி வடிவில் வரும் பறிமுதல். ஹிப்ஹாப் 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், கறுப்பின இளைஞர்களின் கொண்டாட்டங்களில் பிறந்தது. இசைத்தட்டின் தாளப் பகுதியை மட்டும் நீட்டி நீட்டி ஓடவிடுவது, பழைய பாட்டின் துணுக்கைப் புதிய பாட்டின் அடித்தளமாக்குவது, எதிராளியைச் சொல்லால் வீழ்த்துவது என்று அதற்கெனத் தனி இலக்கணம் உண்டு. அந்த இலக்கணத்தை அறியாமல் சந்தத்தை மட்டும் கொண்டு அளப்பவர், ராகத்தைத் தேடி எழுந்து போனவரின் தவற்றையே வேறு வகையில் செய்கிறார். யாப்பு ராப்பின் ஒரு பகுதியை விளக்கும்; முழுவதையும் விளக்காது. கச்சேரிக்கும் இது பொருந்தும். ராப் ரசிகர் சபாவுக்கு வந்து, ‘ஒரே வரியை ஏன் இருபது முறை பாடுகிறார்?’ என்று அலுத்துக்கொண்டால், நிரவல் என்பது அந்த ஒரே வரியைத் திறந்து திறந்து காட்டும் கலை என்று அவர் கற்றுக்கொள்ள வேண்டும். கற்கும் கடமை தண்டவாளத்தின் இரு பக்கத்துக்கும் உண்டு.

*

‘கேள்வி ஞானம்’ என்ற தொடருக்குத் திரும்பலாம். தாராவியின் ராப் இளைஞர்களில் பெரும்பாலோர் கைபேசி வழியாகக் கேட்டே கற்றவர்கள். சபா மொழியில் சொன்னால் அவர்களுடையது கேள்வி ஞானம். மாட்டுங்காவின் பழைய ரசிகர்களில் பலருடையதும் அதுவே. அலுவலகம் முடிந்து, வேட்டிக்கு மாறி, பின்வரிசையில் அமர்ந்து, தொடையில் தாளம் போட்டுக் கற்றவர்கள் அவர்கள். இருவரும் ஒரே பள்ளியின் மாணவர்கள் என்பதை இருவருமே அறியவில்லை.

‘பறை’ என்ற சொல்லுக்கும் தமிழில் இரண்டு பொருள். அது ஒரு தோற்கருவி. ‘சொல்’ என்னும் வினையும் அதுவே. பழந்தமிழில் இருந்த அவ்வினை மலையாளத்தில் இன்றும் அன்றாடப் பேச்சாக வழங்குகிறது. கொட்டுவதும் சொல்வதும் ஒரே சொல்லாக இருந்த மொழியில், ‘இது பாட்டா, பேச்சா?’ என்ற வினா அத்தனை கூர்மையானதாக இருக்க முடியாது. கேட்க வேண்டிய வினாக்கள் வேறு. இந்தப் பாட்டு எதைச் செய்ய முற்படுகிறது? அதை எவ்வளவு நன்றாகச் செய்கிறது? எங்கே தளர்கிறது? சண்முகானந்தா மண்டபத்தில் ஒலிப்பதற்கும் தாராவியின் சந்தில் ஒலிப்பதற்கும் இவை ஒன்றே. அந்த வினாக்களை இரு பக்கத்திலும் ஒரே கவனத்தோடு எழுப்பும் விமர்சகரை மும்பைத் தமிழ் இன்னும் எதிர்பார்த்திருக்கிறது.